கோரைக்கிழங்கு

பொற்கொடி குடிவந்தபோது அந்த வீட்டின் பின்பக்கம் முழுக்கக் கோரைதான். பிடித்து இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும். அடியில் தங்கிவிடும் கிழங்கு ஒன்றுக்குப் பத்தாக முளைக்கும். வருஷக்கணக்கில் குந்தியிருந்து கிழங்கு கிழங்காகத் தோண்டி எடுத்த பிறகுதான் அங்கே அவரையும் கத்தரியும் வைத்தாள். மதிலோரம் மட்டும் கொஞ்சம் கோரை மிச்சமிருந்தது.

அவரை பூத்துப் பிஞ்சு இறங்கிய வாரத்தில், வீட்டுக்காரி சுகந்தி மாடியிலிருந்து வந்து காலி செய்யச் சொன்னாள்.

“காய் பறிக்கிற வரைக்குமாவது இருந்துக்கிறேனேக்கா.”

“காய் எங்க போயிடும்? நாங்க பறிச்சுக்கிறோம்.”

சாமான்கள் வண்டியில் ஏறிய அன்று காலை, பொற்கொடி மதிலோரத்தைக் கொத்தி மடி நிறையக் கிழங்கு பொறுக்கினாள். அவரைக்கும் கத்தரிக்கும் நடுவே விரலால் குழி போட்டு, ஒவ்வொன்றாக வைத்து மண்ணை மூடினாள். கத்தரி நாற்றைக்கூட அவள் அவ்வளவு பதமாக நட்டதில்லை.

ஒரு நாளும் தோட்டத்தில் கால் வைக்காத சுகந்திக்கு, மேலிருந்து பார்த்ததும் மனசு இளகிவிட்டது.

“போற அன்னிக்கும் நட்டுட்டுப் போறியே, இந்த மனசு யாருக்கு வரும்!” என்றபடி இறங்கி வந்தாள். “எல்லாம் நல்லா வருமா?”

“நீங்க வேணாம்னாலும் வரும்க்கா.”

“குடு, தண்ணிய நான் ஊத்துறேன்.”

பொற்கொடி வாளியைக் கொடுத்தாள். சுகந்தி ஒரு குழி விடாமல் ஊற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.