விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

"மகேசு, நம்ம கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாடி இது? கைலாசம்டி! ஒவ்வொரு லைட்டைச் சுத்தியும் ஏழு கலர்ல வளையம்! உனக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"சாக்கடை தெரியுது. மிதிச்சுடாம நடய்யா" என்றாள் மகேஸ்வரி.

சக்கரவர்த்தி மிதித்தான். மிதித்த காலைக் கங்கையில் நனைத்தவன்போலப் பூரித்துப் பார்த்தான்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கும் லோடு ஆட்டோக்காரன் அவன். சித்திரையில் ஒருநாள், விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று மலையிலிருக்கும் ஜோதியானந்த சுவாமியிடம் போய்ச் சொன்னான். சுவாமி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "ஞானக்கண் தொறந்துடுச்சு. வைத்தியன் எவன்கிட்டயும் காட்டாதே, மூடிக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அவன் தலைமைச் சீடன். ஞாயிறுதோறும் கூட்டத்தின் முன் நின்று, சுவாமியின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகச் சாட்சி சொல்வான். பொய்யில்லை, தெரிந்தது. தலைக்குப் பின்னால் நூறு வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

தலைவலி வந்தால் கர்மா கழிகிறது என்றான். நிலைப்படியில் இடித்துக்கொண்டால் மாயை என்றான்.

"நேத்து பசு மேல வண்டியை வுட்டியே, அது இன்னா ஞானம்?"

"அது சைடுல வந்துச்சுடி. ஞானிக்கு நேர்ப் பார்வைதான். சைடெல்லாம் தெரியாது."

மகேஸ்வரி நின்றாள். முந்தானையில் முடிந்திருந்த வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்தாள்.

"கண்ணு டாக்டரைப் பார்த்தாத்தான் சாவி. ரெண்டு பொண்ணுங்க சோறு இந்த வண்டியில வருதுய்யா."

"நீ அஞ்ஞானி. சாமி போன வருஷத்துலேர்ந்து எதுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு இருக்காரு தெரியுமா? அவரு கண்ணு ஒளி நேரா பட்டா நாமெல்லாம் சாம்பலாம்!"

சாவிக்காகத்தான் வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஏதேதோ கருவியில் முகத்தை வைக்கச் சொன்னார்.

"வளையம் எப்பலேர்ந்து தெரியுது?"

"சித்திரையிலேர்ந்துங்க. அருளுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மகேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"கண்ணுக்குள்ள பிரஷர்மா. அதனாலதான் வளையம். அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். நரம்பு செத்துப்போச்சு. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கிறதை முடிஞ்சவரைக்கும் பிடிச்சு வைப்போம். வண்டி மட்டும் இனிமே தொடவே கூடாது."

மகேஸ்வரி சாவியை எடுத்துப் பார்த்தாள். அதை இனி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சாமியை ஒரு வார்த்தை கேட்டுடலாம்டி" என்றான் சக்கரவர்த்தி. "அவருக்குத் தெரியாததா?"

கையைப் பிடித்து அவனை வெளியே கூட்டிவந்தாள். வரிசை பெஞ்சில் காவி வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவரிடம் குனிந்து கேட்டாள்.

"போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கினீங்களே, கண்ணு எப்படி இருக்கு சாமி?"

"எனக்கு இன்னாம்மா கொறை?" என்றார் ஜோதியானந்த சுவாமி. "வெளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்ச அன்னிக்கே மலையெறங்கி ஓடியாந்துட்டேனே!"