கண்டம் கழிந்தது

"கொட்டகையில கெடந்த கண்டம் சாமான்லாம் எங்கம்மா போச்சு? கால் முளைச்சு நடந்துடுச்சா?"

மேனேஜரின் குரலுக்கு ஸ்டோர் அக்கா உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசுங்க சார். இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க."

அந்த அலுவலகத்தில், ஒரு பொருள் இனி உதவாது என்று எழுதித் தள்ளிவிட்டால் அதற்குப் பெயர் கண்டம். மேனேஜர் குழந்தைகள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பழைய ஃபைல் அலமாரி கதவில்லாமல் மல்லாந்து கிடந்தது. அதன் தட்டுகளுக்கு நடுவே மெத்தை விரித்து, மூன்று குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மேசைப் பலகை சறுக்குமரமாகியிருந்தது. கால் உடைந்த நாற்காலி ஆடுகுதிரையாகி ஜன்னலோரம் நின்றது. எல்லாம் மஞ்சள் பெயின்டில் பளிச்சென்று இருந்தன.

அக்காவும் எலக்ட்ரீஷியனும் ஒரு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் அறுத்தும் இழைத்தும் செய்த வேலை. சும்மா சொல்லக் கூடாது, காசு கொடுத்தாலும் கடையில் இந்த நேர்த்தி கிடைக்காது.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"நாலு மனு போட்டோம் சார். குழந்தைங்க ரூமுக்கு எதுவும் வாங்க முடியாதுன்னீங்க. அதான் வாங்காமலே செஞ்சுட்டோம்."

"கொழுப்பா? கண்டம்னா கண்டம்தான். லாரி வாசல்ல நிக்குது. இது அத்தனையும் ஏத்தியாகணும்!"

சத்தம் கேட்டு டைப்பிஸ்ட் ஓடி வந்தாள். உள்ளே தூங்கிய மூன்றில் ஒன்று அவள் பெண். "சார், இந்த ரூம் இல்லேன்னா நான் வேலையை விட வேண்டியதுதான். பாப்பாவைப் பாத்துக்க வீட்ல ஆளே இல்ல சார்."

"அது உங்க வீட்டுக் கதை. நமக்கு ரூல்ஸ்தான்."

இரக்கம் என்பது அந்த மனுஷனிடம் மருந்துக்கும் கிடையாது. டைப்பிஸ்ட் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சொன்னா சரி சார். பட்டியல்ல இருக்கிறபடியே போகட்டும்."

"அக்கா, நீங்களுமா?" என்றாள் டைப்பிஸ்ட்.

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லாரிக்காரரைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார். "திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போட்ட பட்டியல்யா இது. இதுல இருக்கிற சாமான் நம்பர் ஒண்ணு விடாம ஏறணும். நானே வந்து தடுத்தாலும் நிறுத்தாதே!"

டைப்பிஸ்ட் குழந்தையை வாரி எடுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். லாரிக்காரர் பட்டியலைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இதுல இருக்கிறது ஒண்ணும் இந்த ரூம்ல இல்லீங்களே."

"எங்க இருக்கோ அங்க போய் எடுய்யா! அதையும் நானே சொல்லணுமா?"

லாரி ஆட்கள் பட்டியலோடு மாடிக்குப் போனார்கள். மேனேஜர் ரூல்ஸைப் பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கினார். பத்து நிமிடம் மூச்சு விடாமல் நடத்தினார்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கண்ணாடி போட்ட பெரிய மேசை ஒன்று நாலு பேர் தோளில் இறங்கி வந்தது. பின்னாலேயே சுழல் நாற்காலி, அதன் பின்னால் சோபா.

"யோவ்! அது என் மேசைய்யா! வைய்யா கீழே!"

"நல்லாத்தானே இருக்குன்னு நானும் யோசிச்சேங்க," என்றார் லாரிக்காரர். "ஆனா நம்பர் சரியா இருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு. நீங்களே தடுத்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு வேற சொல்லிட்டீங்க."

லாரியின் பின்கதவு டமாரென்று மூடியது. மேனேஜர் பேயறைந்த முகத்தோடு திரும்பினார்.

ஸ்டோர் அக்கா ஒரு குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டபடி மெல்லச் சொன்னாள்: "பட்டியலை எழுதினது நான்தான் சார். ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். 'இதையெல்லாம் படிக்க எனக்கு ஏது நேரம்'னு சொல்லிட்டு, நீங்கதான் உங்க ரூமையே கண்டம் பண்ணிட்டீங்க."