சாய்ந்து கிடந்த முக்காலி

நாற்காலிகளுக்கு வாய் இருந்த காலம் அது. ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றங்கரை ஊருக்கு அகோசுவா தலைவி. அவள் எழுந்தால், வேறெவரும் உட்காராதபடி தன் முக்காலியைச் சாய்த்துப் படுக்க வைப்பாள். அதுதான் ஊர் வழக்கம்.

ஆற்றுமணலை அள்ள அனுமதி கேட்டு மந்திரி வந்தார். அவரோடு வந்த அரசாங்கச் சுழல் நாற்காலி, படுத்திருந்த முக்காலியைப் பார்த்துச் சிரித்தது.

“என்னக்கா, எந்நேரமும் படுக்கைதானா? என்னைப் பார், யார் வந்தாலும் தயார்!”

அகோசுவா வந்து உட்கார்ந்தாள். மந்திரி தேனாய்ப் பேசப் பேச முக்காலி தனக்குள் புலம்பியது. இவள் தலையாட்டினால் ஆறு போச்சே!

அகோசுவா எழுந்தாள். முக்காலியைச் சாய்த்தாள். மணல் கிடையாது, பேச்சு முடிந்தது.

தேர்தலுக்குப் பிறகு அதே நாற்காலி புது மந்திரியோடு வந்தது. அவரும் மணல்தான் கேட்டார்.

“அக்கா, படுக்கிற வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடேன்” என்று முனகியது நாற்காலி.