அச்சடிக்க முடியாத வெட்கம்

போலியைக் கட்டிப்போடக் கயிறு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. டிவி பெட்டிகளைக் கட்டும் நைலான் கயிறு அந்தக் கடையில் பத்து ஊருக்குக் காணும். கடைப் பணியாள் கரியப்பன் ஆசை தீரச் சுற்றி முடித்தபோது, தூணோடு நின்ற அந்த ஆள் பார்சலுக்குத் தயாரான சரக்கு மாதிரி இருந்தான். விலைச்சீட்டு ஒன்றுதான் பாக்கி.

சானமாவுக் காட்டிலிருந்து யானையே இறங்கி வந்திருந்தாலும் ஓசூர் பாகலூர் ரோட்டில் அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. எண்பத்தெட்டாம் வருஷம், மாம்பழக் காலம். அன்று மின்சார விடுமுறை என்பதால் கம்பெனிகள் எல்லாம் பூட்டு. வேடிக்கை பார்க்க ஊருக்கே நேரம் இருந்தது.

கடைக்காரர் வெங்கடசாமி, போட்டோகூட ஒட்டாத கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துத் தவணைக்கு டிவி கொடுப்பவர். அடுத்தவன் பேரில் டிவியைத் தூக்கிக்கொண்டு கர்நாடகாவுக்குள் மறைந்துபோகிறவர்களால் தெருவில் பாதிக் கடைக்காரர்கள் சாமியாராகிவிட்டார்கள். வெங்கடசாமி மட்டும் ஏமாந்ததே இல்லை. காரணம், அவர் வைக்கும் பரீட்சை.

டிவி கேட்கிறவன் பெண்டாட்டியோடு வர வேண்டும். அவளிடம் வீட்டுக்காரர் பேரைக் கேட்பார். பட்டென்று சொல்லிவிட்டால் அவள் கூலிக்கு வந்தவள். அசல் பெண்டாட்டி என்றால் முந்தானை வாய்க்குப் போகும். குறடு போட்டு இழுத்தாலும் பேர் வெளியே வராது.

"அட்டைய எவன் வேணா அச்சடிப்பான். வெக்கத்த அச்சடிக்க முடியுமா?" என்பார்.

கட்டுண்டவன் காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தகரப் பெட்டியோடு நேராகக் கடைக்கு வந்தவன். தன் பேர் கங்கப்பன் என்றான். கம்பெனி அவனை ஒரு வருஷம் புனேவுக்கு அனுப்பியிருந்ததாம். இன்னும் வீட்டுக்கே போகவில்லையாம். டிவியோடு போய் நின்று பெண்டாட்டியை அசத்த வேண்டுமாம்.

வெங்கடசாமிக்குப் புல்லரித்துவிட்டது. அதே பேர், அதே கம்பெனி, அதே வீட்டு முகவரி சொன்ன கங்கப்பன் போன மாசம்தான் பெண்டாட்டியோடு வந்து டிவி வாங்கிப் போனான். பேரைக் கேட்டதும் அந்தப் பெண் வெட்கப்பட்ட வெட்கத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டாள். வெங்கடசாமியின் பரீட்சையில் அவளுக்கு நூற்றுக்கு இருநூறு.

இவனோ, புனே போகும்போது கம்பெனி புது அட்டை கொடுத்தது, பழையது வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது என்று கதை அளந்தான். கம்பெனிக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. கரியப்பன் விட்ட அறையில் உதடு கிழிந்தது. கூட்டம் தமிழில் திட்டியது போதாமல் கன்னடத்தில் 'கள்ளா' என்றது, தெலுங்கில் 'தொங்கா' என்றது. மூன்று மொழியிலும் அவன் திருடன்தான்.

"எவளையோ கூட்டிட்டு வந்து உங்கள ஏமாத்திருக்கான் மொதலாளி," என்று அவன் கெஞ்சினான். "என் பொண்டாட்டி ஜோதியம்மாள வரச் சொல்லுங்க. அவ ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

வெங்கடசாமி அதற்காகவே காத்திருந்தவர் போலக் கரியப்பனை சைக்கிளில் விரட்டினார்.

ஜோதியம்மாள் வந்தாள், போன மாசம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்தவளேதான். கிழிந்த உதட்டோடு அந்த ஆள் சிரித்தான். அவள் அவனைத் தலை முதல் கால் வரை, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

"யாருங்க இது? நான் பாத்ததே இல்ல."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க மறந்து அப்படியே நின்றது. "ஜோதி, வெளையாடாத," என்றான்.

வெங்கடசாமிக்கு இது போதவில்லை. ஊரே பார்க்கட்டும் என்று பரீட்சையை இன்னொரு முறை நடத்தினார். "இவன் யாரு பேரத் திருடினான்னு இவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லு தாயி."

முந்தானை வாய்க்குப் போனது. தோள்கள் குறுகின. "அதெப்படிங்க நான் என் வாயால சொல்றது?"

வெங்கடசாமி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். சிலர் கைதட்டியே விட்டார்கள்.

போலீஸ் ஜீப்பில் அவனைக் கயிறோடு ஏற்றினார்கள். கான்ஸ்டபிள் பேரைக் கேட்டபோதும் அவன் ஜோதியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான். தகரப் பெட்டியைக் கூட்டத்தில் யாரோ உதைத்துத் திறந்தார்கள். உள்ளே இருந்த புதுப் புடவை சாக்கடையில் விழுந்தது.

வெங்கடசாமி ஜோதியம்மாளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். டிவிக்குப் போடும் பூப்போட்ட உறை ஒன்றையும் இனாமாகத் தந்தார். வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறாருங்க. உள்ள வந்தா இந்த ஆள அடிச்சே கொன்னுருவாரு."

மானமுள்ளவன் என்று வெங்கடசாமி மெச்சிக்கொண்டார்.

ரோட்டைக் கடந்தாள். மாம்பழ லாரிக்குப் பின்னால், போன மாசம் டிவி வாங்கிப் போனவன் மொபெட்டோடு நின்றிருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, பூப்போட்ட உறையை மடியில் விரித்துக்கொண்டாள்.

"வண்டிய எடு பெருமாளு, நாளைக்குக் கம்பெனி தொறக்கறதுக்குள்ள பார்டரத் தாண்டிரணும்."