ஒன்பதாவது சம்மதம்

மீனவன் பர்னபாஸின் படகு கவிழ்ந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. வல்லரசின் மீட்புக் கப்பல் கரையிலிருந்தே தெரிந்தது, ஆனால் அசையவில்லை. கூட்டமைப்பின் ஒன்பது நாடுகளும் சம்மதித்தால்தான் அது தேடப் புறப்படும். அதுவரை உள்ளூர்ப் படகுகளும் கடலில் இறங்கக் கூடாது. ஒப்பந்தம் அப்படி.

அவன் மனைவி செலஸ்டினாவின் கைப்பேசியில் எட்டு நாடுகளின் பெயர்கள் பச்சையாகியிருந்தன. வாயில் நுழையாத பெயர்கொண்ட ஒரு தீவு நாடு முதல் ஆளாகச் சம்மதித்திருந்தது. சொந்த நாடு மட்டும் சிவப்பாகவே இருந்தது. சம்மதம் கொடுக்க வேண்டிய அரசு அலுவலகத்துக்கு அவள் பேசினாள்.

"கையெழுத்துப் போடுற ஐயா ஒப்பந்தத்தோட ஆண்டு விழா விருந்துல இருக்காரும்மா."

"எங்கய்யா விருந்து?"

"அந்தக் கப்பல்லதான்."

கொழுந்தன் லூர்து தலையில் அடித்துக்கொண்டான். "கடல்ல ஒருத்தன் தத்தளிச்சா வலையை அறுத்துப் போட்டுட்டுக் காப்பாத்த ஓடுன ஊரு மதினி இது. இப்ப பச்சையை எண்ணிக்கிட்டு நிக்கோம்."

"பேச்சு என்னத்துக்கு? வள்ளத்தைத் தள்ளு."

இருவரும் துடுப்புப் போட்டு அலையைத் தாண்டியதும் கப்பல் சங்கு ஊதித் திரும்பியது. செலஸ்டினா எழுந்து நின்று, பர்னபாஸ் போன திசையைக் கைநீட்டிக் காட்டினாள். கப்பல் அந்தப் பக்கம் போகவில்லை; அவர்களை நோக்கி வந்தது. தடையை மீறியவர்களைப் பிடிக்க எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை.