நாற்பது நிமிடம் போதும்

டிலுக்சன் வந்து ஐந்து நிமிடமாகியும் கதிரையில் இருக்கவில்லை. கொட்பிறியின் மனைவி மேரிறோஸ் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இந்த வீட்டில் இனிப் பச்சைத்தண்ணியும் குடிப்பதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தான்.

“அண்ணை, எங்கட வயித்தில அடிச்சுப்போட்டியள்.”

கொட்பிறி தேத்தண்ணியை அவன் பக்கம் நகர்த்திவைத்தார். ஒரு கிழமையாக வென்ட்வேர்த்வில் என்ற அந்த ஒஸ்ரேலிய ஊர் முழுக்க அவர் கதைதான்.

இருவரும் வேலை செய்த பட்டறை, வெளிநாட்டிலிருந்து அரைகுறையாகச் செய்த அலுமினியத் துண்டுகளை இறக்கி, கடைந்து, துப்பாக்கி சுடும் கழகங்களுக்கு உதிரிப்பாகமாக விற்றுவந்தது. போன வருடம் ஃபெடரல் சுங்க அதிகாரிகள் அந்தத் துண்டுகளைத் தடுத்தார்கள். இதுவும் துப்பாக்கியின் பாகம்தான், அனுமதி எடு என்றார்கள். வெறும் உலோகத்தைத் தடுக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை என்று முதலாளி கோர்ட்டுக்குப் போனார்.

வழக்கு ஒரு கேள்வியில் வந்து நின்றது. அந்தத் துண்டைத் துப்பாக்கிப் பாகமாக்க எவ்வளவு வேலை வேண்டும்?

அதைச் சொல்லத்தான் அனுபவசாலி என்று முதலாளியின் ஆட்கள் கொட்பிறியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். பெரிய மெஷின் வேண்டும், நாள்கணக்காகும் என்று சொன்னால் போதும். ஒன்பது பேரின் வேலை தப்பியிருக்கும்.

வீட்டில் வைத்துச் செய்ய முடியுமா என்று அரசாங்க வக்கீல் கேட்டார். முடியும், ஒரு ட்ரில் இருந்தால் நாற்பது நிமிடம் போதும் என்றார் இந்த மனிதர். அதைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்த டிலுக்சனும் மற்றவர்களும் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

இப்போது தீர்ப்பும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு பட்டறைக்குப் பூட்டு. டிலுக்சனின் மனைவி றம்யாவுக்கு இது எட்டாம் மாதம்.

“ஞாபகமில்லை எண்டாவது சொல்லியிருக்கலாமே?”

“அதை வெறும் தகரம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லையடா.”

“கவுண்மேந்துக்கு நல்ல பிள்ளைக்கு நடிச்சா நிரந்தர விசா தருவாங்கள் எண்டு நினைச்சியளோ?”

குசினி வாசலில் நின்ற மேரிறோஸால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஒரு கடிதத்தை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டாள். குடிவரவுத் திணைக்களம் அனுப்பியது. ஆயுதம் சம்பந்தமான பயிற்சி எதுவும் இல்லை என்று கொட்பிறி தன் அகதி மனுவில் எழுதியது பொய்யா என்று கேட்டிருந்தார்கள். விசா ரத்தாகலாம் என்றும் இருந்தது.

டிலுக்சனுக்கு முகம் வெளுத்துவிட்டது. படகில் வந்த காலத்தில் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று புள்ளடி போடச்சொல்லி ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்தார்கள். அவனும் அப்படித்தான் போட்டிருந்தான்.

“நீங்கள் எழும்பிப் போனாப்பிறகு, இது உனக்கெப்பிடித் தெரியும் எண்டு வக்கீல் கேட்டார்” என்றார் கொட்பிறி. “பதினாறு வயசில இயக்கம் பிடிச்சுக்கொண்டுபோய் வன்னியில ஒரு ஆயுதப் பட்டறையில விட்டது, அங்க பழகினனான் எண்டு சொன்னன்.”

மேரிறோஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“அங்க உன்னோட வேலை செய்த ஆரும் இப்ப ஒஸ்ரேலியாவில இருக்கினமோ எண்டும் கேட்டார்.”

வன்னியில் அவருக்குப் பக்கத்து மேசையில் நின்று அரம் பிடித்தவன் டிலுக்சன்தான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது.

“என்ன சொன்னியள், அண்ணை?”

“ஒருத்தரும் இல்லை எண்டனான். பைபிளில கை வைச்சுப்போட்டு நான் சொன்ன பொய் அது ஒண்டுதான்.”