ஆறு அங்குலம்

"அளவு சொல்லுங்க அண்ணாச்சி."

அவருக்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவள். எத்தனை அடி உயரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தன் தோளில் கையை வைத்துக் காட்டினார்.

"இது வரைக்கும் வருவா."

சவப்பெட்டிக் கடை மிக்கேல் அந்தத் தோளில் டேப்பை வைத்துத் தரைவரை இறக்கினார். நாலடி பத்து. ஐந்தேகால் அடியில் பெட்டி தயாராகவே இருந்தது.

பெட்டி எடுக்க வீட்டுக்காரர் போகக் கூடாது, நாங்கள் போகிறோம் என்று மைத்துனர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் எமிலி இருக்கிறாள். நாலு மணிக்கு அடக்கம்.

கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு பெரிய மெத்தையை இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இத வெட்டி உள்ள வைக்கணும்" என்றார் அவர்.

மிக்கேலுக்கு முதலில் புரியவில்லை. பெட்டிக்குள் தாங்களே ஸ்பாஞ்சு வைத்து வெள்ளைத் துணி அடித்துத் தருவதாகச் சொன்னார். பிறகு உறையில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சொன்னா கோவப்படாதீய. மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு இது?"

எதுக்கு இது.

அது அவருடைய சொல். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

கிறிஸ்துமஸுக்குத் தலையணை உறை வாங்கப் போயிருந்தார்கள். கடையில் ஒரு கட்டில் மேல் இதே மாதிரி ஒரு மெத்தையை விரித்துப் போட்டிருந்தார்கள். எமிலி முதலில் கையால் அழுத்திப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சாய்ந்தாள்.

கண்ணை மூடினாள்.

அவள் முகம் அப்படி இளகி அவர் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"இங்க வாங்களேன். சும்மா ஒரு நிமிசம் படுத்துப் பாருங்க."

"எந்திரி. எல்லாரும் பாக்காவ."

நாற்பத்தெட்டாயிரம் என்று அட்டையில் போட்டிருந்தது.

"நம்மள மாதிரி ஆளுகளுக்கு எதுக்கு இது?"

அவள் எழுந்தாள். படுத்திருந்த இடத்தில் விழுந்த சுருக்கத்தைக் கையால் நீவிச் சரிசெய்தாள். தலையணை உறை இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் மெத்தை என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அவர் கஞ்சன் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்ததில் மகள் கல்யாணத்தை ஊர் மெச்சச் செய்தவர். ஆனால் அவள் இடுப்பு வலிக்கு நாற்பத்தெட்டாயிரமா? வயசானால் வலிக்கத்தான் செய்யும்.

வீட்டில் இருந்தது பழைய பஞ்சு மெத்தை. அவள் பக்கம் முழுக்கக் கட்டி கட்டியாக இருக்கும். அவர் பக்கம் நன்றாகத்தான் இருந்தது.

இடம் மாற்றிப் படுக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை.

ஓய்வுப் பணம் வங்கியில் கிடந்தது. ஒரு அவசரத்துக்கு வேண்டுமே என்று வைத்திருந்தார்.

அவசரம் நேற்றுக் காலை வந்தது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் ஒரு ரூபாய்கூடச் செலவு வைக்கவில்லை.

இன்று மெத்தைக் கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அவர் ஷட்டர் முன்னால் போய் நின்றுவிட்டார். விலை கேட்கவில்லை.

"வெட்டு மிக்கேலு" என்றார்.

மிக்கேல் உறையைப் பிரித்துவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

ரம்பத்துக்கு மெத்தை வழுக்கியது. பெரிய கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நீளவாக்கில் இழுத்தார். வெட்டிய துண்டை உள்ளே வைத்தபோது பெட்டி பாதி நிறைந்துவிட்டது. ஆறு அங்குலக் கனம். ஆளைக் கிடத்தினால் மூடி மூடாது. நாலு பக்கமும் பலகை அடித்து உயரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினார். மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்.

அவர் குனிந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

கை மெல்லப் புதைந்து மேலே வந்தது.

இவ்வளவுதான் அவள் கேட்டது. வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லை.

"மிச்சத்த என்ன செய்ய அண்ணாச்சி?"

தரையில் மூன்றடி அகலத்துக்கு மீதி மெத்தை கிடந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சாய்ந்தார்.

பக்கத்திலேயே அவளுடைய பெட்டி இருந்தது.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர் டீக்கடையில் ஒருவர் எழுந்தே நின்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நல்ல மெத்தைதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். படுத்திருந்த இடத்தில் விழுந்த சுருக்கத்தைக் கையால் நீவிச் சரிசெய்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். எனக்கு ஆவும்."

மிக்கேல் தலையாட்டினார்.

அளவு கேட்கவில்லை.